ஆறு தோட்டாவா, எட்டா

கைத்துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் எங்கள் கடையில் முதலில் விலை கேட்பதில்லை. எத்தனை தோட்டா பிடிக்கும் என்றுதான் கேட்பார்கள்.

மைசூரில் இப்படியொரு கடை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்து வருகிறவர்கள் காப்பித் தோட்டக்காரர்கள், நிலம் வாங்கி விற்கிறவர்கள், நகைக்கடைக்காரர்கள். இருபத்து மூன்று வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ரெஜிஸ்டர் எழுதுவது, லைசென்ஸ் சரிபார்ப்பது, கமிஷனர் ஆபீஸுக்கு மாதாந்திர அறிக்கை அனுப்புவது, கைத்துப்பாக்கி பீரோவின் சாவி எல்லாம் என் பொறுப்பில் வந்தன. ஒரு பெண் ரிவால்வரைக் கழற்றித் துடைத்து மாட்டுவதைப் பார்த்தால் வாங்க வந்தவர்கள் சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது எனக்குப் பிடிக்கும்.

என் முதலாளி கன்னடக்காரர். என்னிடம் பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் பேசுவார். எத்தனை தோட்டா என்று கேட்கிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ரிவால்வர்ல ஆறு, பிஸ்டல்ல எட்டு. ஆனா அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல கையைக் காட்டுங்க."

காரணம் உண்டு. ரிவால்வரின் வயிறு பருத்தது. சட்டைக்குள் செருகினால் இடுப்பில் புடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் எடுத்தால் டிரிகரை அழுத்துவது ஒன்றுதான் வேலை. பிஸ்டல் தட்டை. அரைக்கைச் சட்டைக்குள்கூட வெளியே தெரியாது, இரண்டு தோட்டா அதிகமாகவும் பிடிக்கும். ஆனால் முதல் குண்டு போக வேண்டுமென்றால் மேலிருக்கும் ஸ்லைடை மறு கையால் முழுசாகப் பின்னால் இழுத்து விட வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டியானது. அரைகுறையாக இழுத்தால் தோட்டா ஏறாமல் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அறுபது தாண்டியவர் யாராக இருந்தாலும் காலி பிஸ்டலை முதலாளி தன் முன்னால் பத்துத் தடவை இழுக்க வைப்பார். முடியாதவருக்குப் பிஸ்டல் கிடையாது. "பயந்த நேரத்தில எட்டுன்னு எழுதியிருக்கிறது உதவாதம்மா. கை உதவணும்" என்பார்.

இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

அந்த வாரம் முதலாளி கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தார். பதினோரு மணி வாக்கில் எழுபதைத் தாண்டிய ஒருவர் படியேறி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்து புது லைசென்ஸ் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். போட்டோவைப் பார்த்தேன். பெயரைப் படித்தேன். விஜயநகர் விலாசம். அதன்பின் கையெழுத்தைப் பார்த்தேன். முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, மீதியை ஒரே கோடாக இழுத்து, கீழே இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை எனக்குப் பத்தொன்பது வயதிலிருந்து தெரியும். அம்மாவை வேலையை விட்டு நீக்கிய கடிதத்தில் இருந்தது அது.

அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தாள். ஒரு நாள் வார்டில் இருந்த வலி ஊசி மருந்தில் பன்னிரண்டு குப்பி குறைந்தது. டியூட்டியில் இருந்தவள் அம்மா. ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியாக இருந்த இந்த மனிதர் விசாரணை எதுவும் வைக்கவில்லை. மறுநாளே கடிதத்தை நீட்டினார். திருட்டு என்ற வார்த்தையே அதில் இருந்தது. அதே ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கான இடத்தில் நான் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே என்னையும் அனுப்பினார்கள்.

அந்தக் கடிதத்தோடு வேறெந்த ஆஸ்பத்திரியும் அம்மாவை எடுக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டினாள், புண்ணுக்குக் கட்டுப் போட்டாள். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளராக இருந்தாள். அடுத்த வருஷம் அவள் பெயர் பலகையில் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். நான்கு வருஷத்துக்கு முன் புற்றுநோயில் படுத்தபோது டாக்டர் அதே வலி ஊசியை எழுதினார். அம்மா போட விடவில்லை. "அந்த மருந்து இந்த வீட்டுக்குள்ள வர வேண்டாம். கடைசியிலயாவது அதை எடுத்துக்கிட்டாள்னு எவனும் சொல்லக் கூடாது" என்றாள். பதினாறு நாள் அப்படியே கிடந்து போனாள்.

எங்கள் மதத்தில் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது. எனக்கு அது வரவில்லை. வரவழைக்க முயற்சி செய்யவும் இல்லை.

அவர் என்னை அடையாளம் காணவில்லை. ஒரே ஒரு தடவை, அவர் அறைக்கு வெளியே அம்மாவின் பக்கத்தில் நான் நின்றபோது பார்த்திருப்பார். நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"தமிழா நீ? நல்லதாப் போச்சு. எனக்குச் சேலம் பக்கம். முப்பத்தஞ்சு வருஷமாச்சு இங்க வந்து. இன்னும் கன்னடத்துல சண்டை போட வரலை."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

விற்பனைக்காக எங்களிடம் விட்டிருந்த இரண்டு கைத்துப்பாக்கிகள் பீரோவில் இருந்தன. ஒன்று ரிவால்வர், ஒன்று பிஸ்டல். இரண்டும் பாயிண்ட் முப்பத்திரண்டு அளவு. மேசையில் ஃபெல்ட் துணி விரித்து இரண்டையும் வைத்தேன்.

"காலையில பார்க்ல வாக்கிங் போறேன். பைஜாமாவும் சட்டையும்தான் போடுவேன். வெளிய தெரியக் கூடாது. எதுல எத்தனை பிடிக்கும்?" என்றார்.

"ரிவால்வர்ல ஆறு சார். பிஸ்டல்ல எட்டு."

"ஆறு பத்தாதும்மா."

"எதுக்கு சார் பத்தாது?"

அவர் சொல்லத் தொடங்கினார். ஆறு மாதமாகவே சரியில்லையாம். கார் கண்ணாடியில் கல் விழுந்தது. டயரில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். போன் வருகிறது, எடுத்தால் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் கண்டிப்பாக நிர்வாகம் செய்தவர், அதனால் வேண்டாதவர்கள் அதிகம். விரல் விட்டு எண்ணினார். யூனியன் செயலாளர். கேன்டீன் எடுத்திருந்தவர். லிஃப்ட் ஆபரேட்டர். லேபிலிருந்து துரத்தப்பட்ட ஒருவன். ஆம்புலன்ஸ் டிரைவர்கள் இரண்டு பேர். ரத்த வங்கியில் இருந்தவன்.

"ஏழு பேர் ஆச்சு. ஆறு தோட்டாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நான் காத்திருந்தேன். எட்டாவதாக ஒருத்தி வருவாளா என்று பார்த்தேன். அவர் கையைக் கீழே வைத்துவிட்டார்.

"நர்ஸுங்க யாரும் இல்லையா சார்?"

"நர்ஸுங்களா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க என்னம்மா பண்ணுவாங்க. ரெண்டு நாள் அழுவாங்க. போயிடுவாங்க."

அந்த நிமிஷம்வரை அவருக்கு எந்தத் துப்பாக்கி கொடுப்பது என்று நான் தீர்மானிக்கவில்லை. விற்காமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூட இருந்தேன்.

மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். முடியவில்லை. விரல் மூட்டுகள் எல்லாம் இஞ்சிக் கிழங்குபோல வீங்கியிருந்தன. நான்தான் திறந்து கொடுத்தேன். இந்தக் கைகளுக்குக் கொடுக்க வேண்டியது ரிவால்வர்தான். அதிலும் டிரிகர் கெட்டி. ஆனால் ஓரளவு பழகலாம். பிஸ்டல் இந்தக் கைகளில் வெறும் இரும்பு. இதைக் கையில் வைத்துக்கொண்டு தைரியமாக வெளியே போவார், எவனாவது எதிரே வந்து நிற்கும் நாளில் எடுப்பார், இழுப்பார், அது வராது. வராதபோது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குள் ஓடியது. அதைப் பார்க்க முடியாதே என்று வருத்தமாகவும் இருந்தது.

"உங்களை மாதிரி பொறுப்புல இருந்தவங்களுக்கு எட்டுதான் சார் சரி" என்றேன். "சட்டைக்குள்ள இருக்கிறதே தெரியாது."

பிஸ்டலை நான் எடுத்து, திரும்பி நின்று, ஸ்லைடை முழுசாகப் பின்னால் இழுத்துப் பக்கவாட்டிலிருந்த சின்னப் பூட்டில் மாட்டினேன். அப்படியே அவர் கையில் கொடுத்தேன். "அந்தப் பூட்டை மட்டும் கட்டை விரலால் கீழே தள்ளுங்க சார்."

தள்ளினார். டக்கென்று ஸ்லைடு முன்னால் பாய்ந்து மூடியது. அவர் கண்கள் பளிச்சென்றன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

நான்கு தடவை அப்படிச் செய்தார். ஒவ்வொரு தடவையும் நான் இழுத்து மாட்டிக் கொடுத்தேன். இழுப்பதுதான் வேலையே என்று நான் சொல்லவில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். விற்பனை என்றால் அவர் சம்மதம் வேண்டும். கேட்ட முதல் கேள்வியே "கை ஹேகிதே?" என்பதுதான். கை எப்படி இருக்கிறது என்கிறார்.

"நல்லா இருக்கு சார். பத்துத் தடவை இழுத்துக் காட்டினார்."

"ஆயித்து, சரி. கொடு."

அவருடைய லைசென்ஸில் ஒரே சமயத்தில் இருபத்தைந்து தோட்டா வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. இருபத்தைந்தும் வேண்டும் என்றார். கொடுத்தேன். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். அதே சுழி, அதே கோடு, அதே இரண்டு புள்ளி.

அதன்பின் ஐந்து மாதம் அவர் வரவில்லை. ஒவ்வொரு நாளும் செய்தித்தாளில் விஜயநகர் என்ற வார்த்தையைத் தேடினேன். எதைத் தேடினேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தேடினேன்.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அந்த நாட்களில் கடையில் கூட்டம் இருக்கும். ஒரு மத்தியானம் கூட்டம் ஓய்ந்தபின், முதலாளி கமிஷனர் ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இடது கையில் கட்டு. வலது கையில் காய்கறி வாங்கும் துணிப்பை. பையை மேசைமேல் வைக்கப் போனவரைத் தடுத்து நானே வாங்கினேன்.

உள்ளே பிஸ்டல் பாதி திறந்தபடி நின்றிருந்தது. ஸ்லைடு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நடுவில் ஒரு தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு சிக்கியிருந்தது. அதோடு ஆட்டோவில், மைசூர் டிராஃபிக்கில், மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்ன சார் ஆச்சு?"

"அதை ஏம்மா கேக்குறே." தளர்ந்துபோய் உட்கார்ந்தார். "நேத்து மத்தியானம் மூணு மூணரை இருக்கும். மகனும் மருமகளும் ஆபீஸ் போயிட்டாங்க. பெல் அடிச்சது. கதவு ஓட்டையில பாத்தா ஒருத்தன் ஹெல்மெட்டோட நிக்கிறான். முகமே தெரியலை. கையில ஏதோ இருக்கு. என்ன வேணும்னு கேட்டேன், அவன் சொன்னது எனக்குக் கேக்கலை. பிஸ்டலை எடுத்தேன். இழுத்தேன், வரலை. மேசை விளிம்புல வெச்சுத் தள்ளினேன். பாதி வந்து கையைக் கவ்விடுச்சு."

"அப்புறம்?"

"கதவைத் திறந்து அவன் முகத்துக்கு நேரா நீட்டிட்டேன்."

"நீட்டினது மட்டும்தானா சார்?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"டிரிகரையும் அழுத்தினேன். ரெண்டு தடவை. அடிக்கலை. அவன் பொட்டலத்தைப் போட்டுட்டு ஓடிட்டான். அப்புறம் பாத்தா மருமக ஏதோ செருப்பு ஆர்டர் பண்ணியிருக்கா."

இந்த மனிதர் திண்டாடுவதை மட்டும்தான் ஐந்து மாதமாகக் கற்பனை செய்திருந்தேன். அவருக்கு எதிரே நிற்கப் போகிறவனுக்கு ஒரு முகம் இருக்கும் என்று ஒரு தடவையும் யோசிக்கவில்லை. ரிவால்வரைக் கொடுத்திருந்தால் அந்த கூரியர்க்காரன் செத்திருப்பான், நான் பிஸ்டல் கொடுத்ததால் பிழைத்தான் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது ஒட்டவில்லை. அவர் கையில் எதையுமே கொடுத்திருக்கக் கூடாது.

பிஸ்டலை தவறி வெடித்தாலும் குண்டு அதில் இறங்க வேண்டுமென்று மூலையில் வைத்திருந்த மணல் பெட்டிக்குள் முனை வைத்துப் பிடித்தேன். தோட்டாக்களை அடுக்கியிருக்கும் மகசினைப் பிடுங்கினேன். ஸ்லைடை இழுத்ததும் சிக்கியிருந்த தோட்டா மணலில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், பித்தளையில் கீறல். மகசினில் மீதி ஏழு இருந்தன. பழக்கத்தில் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க மகசினைத் திரும்ப மாட்டி ஸ்லைடை இழுத்து விட்டேன். ஏறியது. துப்பாக்கி இப்போது நன்றாகவே இருந்தது. கடையில் நாங்கள் இருவர்தான். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலருக்கு மேலே பின்கழுத்தில் நரைமுடி வெட்டப்படாமல் வளர்ந்திருந்தது.

அப்போது எனக்கு வந்த எண்ணத்தை மறைக்க மாட்டேன். ஆறா எட்டா என்று அத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்று போதும். அது ஏற்கெனவே உள்ளே ஏறியிருந்தது.

எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கீழே சோளப்பொரி விற்கிறவன் மணியடித்துக்கொண்டு போனான். மகசினை எடுத்தேன், உள்ளிருந்ததை வெளியேற்றினேன், பிஸ்டலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்னைத் தெரியுதா சார்?"

"ஏம்மா, நீதானே துப்பாக்கி கொடுத்தே."

அம்மாவின் பெயரைச் சொன்னேன். வார்டைச் சொன்னேன். பன்னிரண்டு குப்பி என்றேன். முகம் வெறுமையாக இருந்தது. பிறகு மெல்ல ஏதோ வந்தது. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி முன்னால் குனிந்தார்.

"அட, அந்த விஷயமா? அது கிடைச்சுதேம்மா."

"என்னது கிடைச்சுது?"

"அந்தக் குப்பிங்க. நாலாம் நாளே கிடைச்சுது. ஆபரேஷன் தியேட்டர் பீரோவில வேற டப்பாவில போட்டு வெச்சிருந்தாங்க."

இருபத்தாறு வருஷம்.

"அப்ப ஏன் சார் அம்மாவைக் கூப்பிடலை?"

"ஆர்டர் போட்டாச்சும்மா. மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட் போயாச்சு. திருப்பி எழுதினா என் மேல கேள்வி வரும். எனக்கும் அப்ப சின்னப் பிள்ளைங்க." சிறிது நிறுத்தி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

நான் எழுந்து கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினேன். லைசென்ஸ் வைத்திருப்பவர் ஆயுதத்தைத் தவறாகக் கையாண்டது தெரிந்தால் நாங்கள் கமிஷனருக்கு எழுத வேண்டும். தட்டத் தொடங்கினேன். என்ன தட்டுகிறேன் என்று கேட்டார். வாய்விட்டுப் படித்தேன். ஒரு கூரியர் ஊழியரின் முகத்துக்கு நேராகத் தோட்டா நிரப்பிய பிஸ்டலை நீட்டி இரண்டு முறை டிரிகரை அழுத்தினார் என்ற வரியில் எழுந்தே விட்டார்.

"வேண்டாம்மா. லைசென்ஸ் போயிடும். கேஸ் ஆயிடும். இந்த வயசுல என்னை ஸ்டேஷனுக்கு இழுக்காதே. உனக்கு என்ன வேணும் சொல்லு."

"ஒரு கடிதம் வேணும் சார். அம்மா எடுக்கலைன்னு."

"அப்ப இதை அனுப்ப மாட்டே இல்ல?"

"முதல்ல எழுதுங்க சார்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தேன். இடது கையில்தான் கட்டுப் போட்டிருந்தது. வலது கை எழுதும். தமிழில் எழுதச் சொன்னேன், சர்ச்சில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று. முதல் தடவை, நிர்வாகக் குழப்பத்தால் நேர்ந்த தவறு என்று எழுதினார். கிழித்துப் போட்டேன். இரண்டாம் தடவை, பிற்பாடு தெரிய வந்தது என்று எழுதினார்.

"எப்ப தெரிஞ்சுது சார்?"

"நாலாம் நாள்."

"அப்ப அதை எழுதுங்க. யாருக்குத் தெரிஞ்சுது?"

"எனக்கு."

"அதையும்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் சொல்லச் சொல்ல டைப் அடித்திருக்கிறேன். அன்று நான் சொன்னேன், அவர் எழுதினார். அந்த நர்ஸ் எடுக்கவில்லை. மருந்து நான்காம் நாளே கிடைத்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன். மூட்டு வலியில் கை பல தடவை நின்றது. நான் அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை. கையெழுத்துப் போட்டதும் வாங்கி, மடித்து, கைப்பையில் வைத்தேன். துப்பாக்கியை ஒப்படைத்ததற்கு ரசீது எழுதிக் கொடுத்தேன். அவர் ஆட்டோ ஏறும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு வந்து பாதியில் விட்டிருந்த ரிப்போர்ட்டை முடித்து, முதலாளி வந்ததும் கையெழுத்துக்கு நீட்டினேன்.

முதலாளி நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"கை நல்லா இருக்குன்னு நீதானேம்மா சொன்னே?"

"ஆமா சார். பொய் சொன்னேன்."

காரணத்தையும் சொன்னேன். அம்மா இறந்தபோது வந்திருந்தவர் அவர். அவருக்குத் தெரியும். கேட்டு முடித்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு கையை நீட்டினார். என்ன வேண்டும் என்று புரியச் சற்று நேரமாயிற்று. கைத்துப்பாக்கி பீரோவின் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். இன்றுவரை அது அவரிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் அந்த கூரியர்க்காரர். முப்பது வயதிருக்கும், சாமராஜநகர் பக்கத்துக்காரர், இரண்டு பெண் குழந்தைகள். கன்னடத்தில்தான் பேசினார். இப்போதெல்லாம் தெருமுனையிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டு மணியை அடிக்கிறாராம். விஜயநகர் ஆர்டர் வந்தால் வேறொருவருக்கு மாற்றிக்கொள்கிறாராம்.

"அந்த மாதிரி ஆளுக்கு யார் மேடம் துப்பாக்கி விற்றது?" என்று கேட்டார்.

"எங்கள் கடைதான்."

"பார்த்துக் கொடுக்கக் கூடாதா?"

அந்தக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த விஷயத்தில் நான் வருந்துவது இந்தக் கூரியர்க்காரர் ஒருவருக்காகத்தான். வேறு யாருக்காகவும் இல்லை.

கடிதத்தை நாற்பது பிரதி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், அம்மாவோடு பேச்சை நிறுத்திய பெண்களின் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போனேன். சிலர் உயிரோடு இல்லை; அவர்கள் மகள்களிடம் கொடுத்தேன். அம்மாவுக்குப் பிறகு செயலாளராக வந்த அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? அவ கர்த்தருகிட்ட போயிட்டா."

"இப்பதான் கிடைச்சுது அத்தை. ரெண்டாம் பக்கமும் இருக்கு, படிங்க."

அவள் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்து காப்பி குடிக்கச் சொன்னாள். குடிக்கவில்லை.

அந்த மனிதரின் லைசென்ஸை முதலில் நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதங்களில் அவர் வாரம் ஒரு தடவை கடைக்குப் போன் செய்வார். முதல் தடவை கோபமாக, "வாக்குக் கொடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டியே" என்றார்.

"நான் வாக்குக் கொடுக்கலை சார். நீங்க எழுதினீங்க, நான் வாங்கிக்கிட்டேன்."

அடுத்தடுத்து கோபம் குறைந்தது. வாக்கிங் போவதில்லை என்றார். மருமகள் பேசுவதில்லை என்றார். ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி போட்டிருப்பதாகச் சொன்னார். அந்தச் சத்தமில்லாத போன் இன்னும் வருகிறதாம். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஒரு தடவையும் போனை முதலில் நான் வைக்கவில்லை.

கடைசியில் லைசென்ஸை ரத்து செய்து உத்தரவு வந்தது. பிரதி எங்களுக்கும் வந்தது. தபாலில் அவருக்குப் போகும், நாம் சொல்ல வேண்டியதில்லை என்றார் முதலாளி. நான் எண்ணைச் சுழற்றினேன். அவரே எடுத்தார்.

"அப்ப பிஸ்டல் திரும்பக் கிடைக்காதா?"

"கிடைக்காது சார். குறிப்பிட்ட காலத்துக்குள்ள லைசென்ஸ் இருக்கிற யாருக்காவது விக்கணும். இல்லைன்னா அரசாங்கத்துக்குப் போயிடும்."

சரியாகக் கேட்கவில்லை என்றார். உத்தரவை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, நிறுத்தி நிறுத்தி, மறுபடியும் படித்துக் காட்டினேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. படித்து முடித்ததும் வைத்துவிட்டார்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. கை கழுவிவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். சித்ரான்னமும் வாழைக்காய் வறுவலும். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.